தண்ணீர்ச் சோதனை

மாடிப்படியில் ஏறி வரும் காலடிச் சத்தம் கேட்டதும் மதோகாவின் கையில் இருந்த கண்ணாடிப் பேனா மேசை விளிம்பில் இடித்து முனை உடைந்தது. இரண்டு படிகளைச் சேர்த்துத் தாண்டி, ஒரு கணம் நின்று, மறுபடி இரண்டு படி. எட்டு வருடம் அந்தக் காலடியைக் காதில் வாங்கித்தான் சோற்றுப் பானையை எப்போது திறப்பது, எந்தச் சுவரோரமாக நிற்பது, எவ்வளவு மெதுவாகப் பேசுவது என்பதையெல்லாம் அவள் முடிவு செய்திருந்தாள். பதினாறு மாதமாக அதைக் கேட்கவில்லை. உடம்பு மறந்திருக்கவில்லை.

“போச்சா? காலையிலேருந்து இது ரெண்டாவது” என்றார் கடைக்காரம்மா இகராஷி. “உன் கைக்கு இன்னிக்கு என்னம்மா ஆச்சு?”

மதோகா முனை போன பேனாவைத் துணியில் சுற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

வடக்குத் தீவின் துறைமுக ஊரான ஹகோதாதேயில், ஜூஜிகாய் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது இகராஷியின் எழுதுபொருள் கடை. கீழே நோட்டும் பேனாவும். மாடியில் நீளமான மேசை ஒன்று, அதற்குப் பின்னால் பேனா கழுவும் சின்ன அறை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம் அந்த மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து மை பார்ப்பார்கள். ஒவ்வொரு மையிலும் கண்ணாடிப் பேனாவைத் தோய்த்துக் கெட்டி அட்டையில் எழுதுவார்கள்; பஞ்சுக் குச்சியால் ஒரு பட்டை இழுப்பார்கள்; ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம் என்று சண்டை போடுவார்கள். எழுதி முடித்த அட்டைகளை மரத்தாலான கிளிப்பை மாட்டிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். நாலு மணிவரை எந்த அட்டையும் கயிற்றைவிட்டு இறங்கக்கூடாது. நாலு மணிக்கு எல்லோரும் எழுந்து நின்று வரிசையாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இகராஷியின் சட்டம் அது.

அன்றைக்கு ஒரு விசேஷம். கடையின் சொந்த மை வெளிவரும் நாள். பெயர் இசாரிபி. இரவில் கணவாய் மீன் பிடிக்கப் போகும் படகுகளின் விளக்கொளியைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள். தபாலில் அனுப்பமாட்டார்கள். நேரில் வந்து, பதிவேட்டில் பெயர் எழுதினால் ஒருவருக்கு ஒரு பாட்டில்.

“வணக்கம். உள்ளே வரலாமா?” என்ற குரல் கதவருகே கேட்டது.

கோஹெய் தோளில் இருந்த பனித்தூளைத் தட்டிவிட்டு, செருப்பை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, இடுப்புவரை குனிந்து வணங்கினான். கையில் தினை உருண்டை இனிப்புப் பெட்டி. நாற்பத்தொரு வயது. மெலிந்த முகம், சுத்தமான நகங்கள். தூரத் தெற்கில் உள்ள ஒகயாமாவில் பல் செட் செய்யும் கூடம் வைத்திருந்தான். ஒருவரின் மற்றப் பற்களோடு கலந்து நிற்கிற மாதிரி ஒரு பொய்ப்பல்லுக்கு நிறம் கொடுப்பதில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பார்கள்.

“ஒகயாமாவிலேருந்து வரேன். இந்த மைக்காகவே” என்றான்.

“கடலைத் தாண்டியா!” என்று எழுந்தே விட்டார் ஷிமொமுரா. ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், கூட்டத்துக்கு மூத்தவர். “சேத்துல நல்லா இறங்கிட்டீங்க போலிருக்கே.”

“கழுத்து வரைக்கும், ஸார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மைப் பித்தை அவர்கள் சேறு என்றுதான் சொல்வார்கள். ஒரு பாட்டில் வாங்கினால் போதும், கால் புதைந்துவிடும்.

கோஹெய் பதிவேட்டில் தன் சொந்தப் பேனாவால் பெயரும் முகவரியும் எழுதினான். பொய்ப் பெயர் போடவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான், மறைக்க எதுவும் இல்லாதவன் மாதிரி. மதோகாவின் பக்கம் அவன் இன்னும் திரும்பவில்லை. கடைசியில்தான் திரும்புவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஓடலாம். படி அவனுக்குப் பின்னால் இருந்தது. கத்தலாம். கத்தி என்ன சொல்வது? எட்டு வருடத்தில் அவன் நீளக்கைச் சட்டைக்கு வெளியே தெரிகிற இடத்தில் ஒருமுறைகூட அடித்ததில்லை. நெஞ்சுக்கூட்டில் உதைத்திருக்கிறான். தலைமுடியைப் பிடித்துக் குளியல் தொட்டித் தண்ணீருக்குள் அழுத்தி, வாய்விட்டு எண்ணிவிட்டுத் தூக்கியிருக்கிறான். கடைசியாக, அவளுடைய மை பாட்டில்கள் இருந்த இழுப்பறைக்குள் அவள் வலக்கையை வைத்து, இடுப்பால் தள்ளி மூடினான். இரண்டு விரல்கள் உடைந்தன. மருத்துவமனையில் அவள் இடக்கையை அவன் விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து டாக்டர், “இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்” என்றார்.

விவாகரத்து வாங்கினாள். நகராட்சி ஆவணத்தில் தன் முகவரியை யாரும் பார்க்க முடியாதபடி தடை வாங்கினாள். அவன் நெருங்கக்கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு ஒரு வருடம் இருந்தது, கோடையில் முடிந்துபோனது. நீட்டிக்கக் கேட்டபோது காவல் நிலையத்துப் பெண் அதிகாரி நல்லவிதமாகத்தான் சொன்னாள்: “புதுசா ஏதாவது மிரட்டல் இருக்கா? எழுத்துல இருந்தா நல்லது. உங்க பயத்தை மட்டும் வச்சு ஜட்ஜ் முன்னாடி நாங்க போக முடியாதும்மா.”

எழுத்தில். மதோகா அன்று சிரித்துவிட்டாள். அதிகாரிக்குக் காரணம் புரியவில்லை.

“எங்க மை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று இகராஷி அவனுக்குத் தேநீர் ஊற்றினார்.

“போன மாசம் இணையத்துல ஒரு அட்டை பார்த்தேன். ஏழு கருநீலத்தை வரிசையா இழுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்க. ஏழாவது உங்க இசாரிபி. நிறம் பிரமாதம்.”

“அது இவ போட்டதுதான்!” இகராஷி மதோகாவின் தோளைத் தட்டினார். “நான்தான் போடச் சொன்னேன்.”

இப்போது அவன் திரும்பினான். மூக்கு நுனிக்குக் கொஞ்சம் கீழே பார்க்கிற அந்தப் பார்வை.

“அப்படியா. நீங்களா? ரெண்டுலேருந்து ஏழு வரைக்கும் பேர் எழுதியிருந்தீங்க. முதல் மைக்கு மட்டும் பேர் இல்லையே.”

“எனக்கும் அது கேக்கணும்னு இருந்துச்சு” என்றாள் மேசையின் மறுகோடியில் இருந்த கயோ. நகராட்சி மருத்துவமனை நர்ஸ். “என்ன மை அது?”

“எனக்குத் தெரியும்” என்றான் கோஹெய். “உலகத்துலேயே ஒரு பாட்டில்தான். குரஷிகியில ஒரு கடைக்காரர் ஒரு கல்யாணத்துக்காகக் கலந்து கொடுத்தது. அந்தக் கடையே இப்ப இல்ல. காயறப்போ ஓரத்துல செம்பு நிறம் ஏறும். வேற எந்த நீலத்துலயும் அந்தச் செம்பு வராது.”

மதோகா முகம் தெரிகிற படம் ஒன்றுகூடப் போட்டதில்லை. பெயரை மாற்றி வைத்திருந்தாள். உடைந்த வலக்கையால் எழுத வராது என்பதால் இடக்கையில் எழுதினாள். அந்தக் கையெழுத்தை அவன் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் யோசித்தவள் நிறத்தை யோசிக்கவில்லை. முதல் மை ஆளைச் சொன்னது. ஏழாவது மை ஊரைச் சொன்னது. இரண்டையும் ஒரே அட்டையில், தன் கையாலேயே, வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறாள்.

அந்தப் பாட்டிலை ஏன் எடுத்து வந்தாள்? வீட்டைவிட்டு ஓடிய அன்று பையில் வங்கிப் புத்தகம், இரண்டு உள்ளாடை, அந்தப் பாட்டில். ஆளை விட்டுவிட்டு வர முடிந்தது. அந்த மையை விட முடியவில்லை. அவ்வளவு அழகான நீலத்தை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. கருநீலங்களை ஒப்பிட்டு அட்டை போடுகிறவள் தன்னிடமுள்ள ஆகச் சிறந்த நீலத்தை விட்டுவிட்டு எப்படிப் போடுவாள்? அட்டையில் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும். அதைத் தாங்கமாட்டாமல்தான் போட்டாள்.

“கல்யாண மையா! அப்புறம் அது இவகிட்ட எப்படி வந்துச்சு?” என்று ஷிமொமுரா வாயைப் பிளந்தார்.

“அதைத்தான் நானும் கேக்கணும்” என்று கோஹெய் புன்னகைத்தான். “இசாரிபியை முதல்ல யார் எழுதிப் பார்க்கப் போறாங்க?”

மேசையில் வேறு மைகள்தான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தன. இசாரிபியைக் கடைசியில் கொடுப்பதாக இகராஷி வைத்திருந்தார். அதில் ஒரு ரகசியம் உண்டு. இரும்பு கலந்த பழங்காலத்து வகை மை அது. எழுதும்போது வெளிறிய நீலப்பச்சையாக, கடலில் தூரத்து விளக்கு மாதிரி தெரியும். அரைமணி காற்றுப் பட்டால் நீலம் அடங்கிக் கன்னங்கரேலென்று ஆகிவிடும். பிறகு தண்ணீரோ வெயிலோ அதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன் நனைந்தாலும் மேலே உள்ள நீலம்தான் கரையும்; தாளுக்குள் இறங்கிய இரும்பு அங்கேயே இருந்து கறுக்கும். மதோகா படம் போடும்போது, “ஈரத்துல இருக்கறப்போ மட்டும் எடு. கறுக்கறதைக் காட்டாதே. அது நாலு மணிக்கு இங்க இருக்கறவங்களுக்கு மட்டும்” என்று இகராஷி கண்டித்துச் சொல்லியிருந்தார். உலகத்திலேயே அது கறுக்கும் என்று தெரிந்தவர்கள் மையைச் செய்தவரும் அவர்கள் இருவரும்தான்.

மதோகா இசாரிபி பாட்டிலைப் பார்த்தாள்.

ஒகயாமாவிலும் இதே மாதிரி கூட்டங்கள் நடக்கும். கோஹெய்தான் அவளை முதன்முதலில் அழைத்துப் போனான். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே அவன் ஒரு விளையாட்டை ஆரம்பித்தான். நண்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மாதிரி அட்டையில் அழகாக எழுதுவான். ‘இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் உன் காலை மிதிப்பேன்.’ ‘அவன்கூடச் சிரிச்சதுக்கு ஏழு.’ ஏழு என்றால் ஏழு அடி. அதை அவள் பக்கம் நகர்த்துவான். அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்ததும் சொட்டுக் குழாயை எடுத்து, “இப்பத் தண்ணிக்கு எப்படின்னு பார்ப்போம்” என்று நாலு சொட்டு விடுவான். எழுத்து கரைந்து பூவாக விரியும். ‘கோஹெய் ஸாரோட தண்ணிச் சோதனை பார்க்கறதே தனி அழகு’ என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அவள் கண்ணெதிரேதான் எல்லாம் எழுதப்பட்டது, எல்லாம் அழிந்தது. நண்பர்கள் யாரும் அவள் சொன்னதை நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்?

“தூரத்துலேருந்து வந்தவரு” என்றாள் மதோகா. “இவரே முதல்ல எழுதட்டும்.”

இகராஷி புருவத்தைத் தூக்கினார். முதல் அட்டை ஷிமொமுராவுக்கு என்று பேசியிருந்தது. மதோகா அவரை ஒருமுறை பார்த்தாள். ஒரு வருடமாக வேலைக்கு வைத்திருக்கும் பெண் இதுவரை எதையும் கேட்டதில்லை. இகராஷி பாட்டிலை நகர்த்தினார்.

கோஹெய் கண்ணாடிப் பேனாவைத் தோய்த்து, பாட்டில் வாயில் ஒருபக்கம் துடைத்து, எழுதினான். அட்டை முழுக்கச் சீரான சின்ன எழுத்து. தலையைச் சாய்த்துப் பார்த்தான். இடதுகையை மறைவாக வளைத்து அட்டையை அவள் பக்கம் திருப்பினான்.

‘கார் கீழே நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வா. வராவிட்டால் முதலில் இந்தக் கிழவியின் கையை உன் கண்ணெதிரே உடைப்பேன், மதோகா. மிச்ச விரல்கள் காரில்.’

அவள் படித்தாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மைக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ அவ்வளவும் லாபம்.

“அவ்வளவு நேரம் என்ன பார்க்கறீங்க?” என்றான் அவன் மெதுவாக.

“நிறத்தை.”

“சரி, தண்ணிக்கு எப்படின்னு பார்ப்போம்.”

நாலு சொட்டு. நீலப்பச்சை சுழன்று எழும்பி ஓரங்களுக்கு ஓடியது. எழுத்து போய்விட்டது. அட்டையில் மேகம் மாதிரி ஒரு கறை மட்டும்.

“அடடா, பனிமூட்டத்துல படகு மாதிரியே இருக்கு!” என்றார் ஷிமொமுரா.

“தண்ணிக்கு நிக்காது போலிருக்கே” என்று கோஹெய் உதட்டைப் பிதுக்கி அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைக்கப் போனான்.

அட்டை பைக்குள் போய்விட்டால் எல்லாம் போச்சு.

“ஏய், ஏய்! ஒகயாமாக்காரரே!” என்று கயோ கையை நீட்டினாள். “நாலு மணி வரைக்கும் அட்டை கயித்துலதான். போன மாசம் நான் எடுத்து வச்சதுக்கு இகராஷி அம்மா என்னை நர்ஸுன்னுகூடப் பார்க்காம திட்டுச்சு.”

“யாரா இருந்தாலும் அதேதான்” என்றார் இகராஷி.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோஹெய் சிரித்தான். நனைந்து கலங்கிய ஒரு அட்டை; அதில் என்ன இருக்கிறது? “மன்னிக்கணும். சட்டம்னா சட்டம்தான்” என்று அவனே எழுந்து கயிற்றில் மாட்டினான். ஷிமொமுராவும் கயோவும் இசாரிபியில் எழுதித் தங்கள் அட்டைகளை அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பதினெட்டு.

ஐந்து நிமிடம் ஆனது. மதோகா கோட்டைத் தொடவில்லை. அழுக்குப் பேனாக்களைத் தட்டில் அடுக்கிப் பின்னறைக்குக் கொண்டு போனாள். ஆட்கள் இருக்கும் மேசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவன் பார்வை கயிற்றின் பக்கம் போகாமல் தன் பின்னாலேயே வர வேண்டும் என்று நினைத்தாள். வந்தது. “கழிப்பறை எங்கே?” என்று அவன் கேட்பதும், யாரோ வழி சொல்வதும் காதில் விழுந்தது.

கதவு பின்னால் சாத்தப்பட்டது.

“அஞ்சு நிமிஷம்னு எழுதியிருந்தேனே. படிக்கலையா, மதோ?”

“படிச்சேன்.”

“அப்புறம்?”

“வரமாட்டேன்.”

அந்த வார்த்தையை அவனிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கோபப்படவில்லை. கோபம் வந்து அடிக்கிறவன் இல்லை அவன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான், சத்தத்துக்காக. அவளைக் கழுவுதொட்டி விளிம்போடு சேர்த்து அழுத்தி, ஒரு கையால் வாயைப் பொத்தி, மறுகையால் அவள் வலக்கையின் கோணல் விரல் ஒன்றைப் பிடித்தான். பல்லுக்கு வார்ப்பு எடுக்கிற கை. எங்கே எவ்வளவு அழுத்தினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

“சத்தம் போடாதே. பாவம், அந்த வாத்தியார் பயந்துடுவாரு.”

விரலைப் பின்னுக்கு வளைத்தான். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம் அவள் தலைக்குள் கேட்டது. கண் இருட்டியது. அவன் அடுத்த விரலைத் தேடினான்.

அவள் இடக்கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. துணி அவிழ்ந்தது. பதினாறு மாதமாக எழுதிப் பழகிய கை அது. பேனாவைப் பிடிக்கத் தெரியும். முனை போன கண்ணாடியை அவன் காதுக்குக் கீழே, தாடையில் குத்தினாள். அது உள்ளே போய் ஒடிந்தது. மீதியை இழுத்து மறுபடி குத்தினாள். கன்னம் கிழிந்தது.

கோஹெய் அலறினான். அவள் தலையைப் பிடித்துக் குழாயில் மோதினான். தட்டு கவிழ்ந்து கண்ணாடிப் பேனாக்கள் எல்லாம் தரையில் விழுந்து நொறுங்கின. கதவு திறந்தபோது எல்லோரும் பார்த்தது இதுதான்: கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் விரலிடுக்கில் ஒழுக மண்டியிட்டிருக்கும் விருந்தாளி, கையில் சிவந்த கண்ணாடித் துண்டோடு நிற்கும் மதோகா.

“என்ன காரியம் பண்ணிட்டே!” என்று கத்தினார் ஷிமொமுரா.

“ஒண்ணுமில்ல ஸார்” என்றான் கோஹெய். குரல் அதற்குள் பழைய குரலாகிவிட்டது. “தப்பு என்மேலதான். அந்தக் கல்யாண மை என்னோடதுதான்னு சொல்ல வந்தேன். பயந்துட்டாங்க. வழக்கெல்லாம் வேண்டாம். மனசு சரியில்லாதவங்க.”

“இவ்வளவு நல்ல மனுஷனை…” ஷிமொமுரா ஏற்கெனவே போலீஸுக்கு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். “ஆயுதத்தோட நிக்கறா. சீக்கிரம் வாங்க.”

கயோ ஒரு துண்டை அவனிடம் வீசிவிட்டு மதோகாவின் வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தாள். “இந்த விரல் இப்ப உடைஞ்சிருக்கு.”

“தொட்டியில இடிச்சுக்கிட்டாங்க” என்றான் கோஹெய்.

கயோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “தொட்டியில இடிச்சா இந்தப் பக்கம் உடையாது.”

“இவர் என் முன்னாள் புருஷன்” என்றாள் மதோகா. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. “வாங்க. மேசைக்குப் போகலாம்.”

மூலைக் காவல் சாவடியிலிருந்து கான்ஸ்டபிள் ஓடி வர ஏழு நிமிடம் ஆனது. தடித்த உடம்பு, நடுத்தர வயது, மூச்சு வாங்கியது. கோஹெய் நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். மதோகாவை எதிர்ச்சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள்.

“யார் யாரைக் குத்தினது?”

“நான் இவரை” என்றாள் மதோகா.

“அப்போ விஷயம் முடிஞ்சுது.” கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்” என்றாள் அவள். அவள் கண் கயிற்றில் இருந்தது.

அதுதான் தப்பாகப் போனது. எட்டு வருடம் அவள் பார்வை போகிற இடத்தைக் கவனித்துப் பழகியவன் அவன். கோஹெய் கழுத்தைத் திருப்பினான். ஷிமொமுராவின் அட்டை முதலில் கண்ணில் பட்டது. நீலப்பச்சையாக எழுதிய எழுத்து கறுத்திருந்தது. அடுத்து கயோவின் அட்டை, அதுவும் கறுப்பு. இருபத்தைந்து நிமிடத்தில் கறுக்கிற மை எதுவென்று அந்த அறையில் வேறு யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கும். அவனுக்கு வேண்டியதில்லை.

“இரும்பு” என்றான் வாய்க்குள்.

மூன்றாவதாகத் தொங்கிய அவனுடைய அட்டையில் மேகக் கறைக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் வரிகள் எழும்பிக்கொண்டிருந்தன.

அவன் எழுந்தான். “தலை சுத்துது. கொஞ்சம் காத்து வேணும். அப்படியே என் அட்டையை…”

“நாலு மணி ஆகல” என்றார் இகராஷி. அவர் எதையும் படித்திருக்கவில்லை. மதோகா அந்த அட்டையைப் பார்த்த விதத்தைப் பார்த்தார்; இவன் எழுந்த வேகத்தைப் பார்த்தார். கயிற்றுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“நகருங்க, அம்மா.”

“என் கடை. என் கயிறு. நீ உட்காரு.”

கான்ஸ்டபிள் நோட்டிலிருந்து தலை நிமிர்வதற்குள் அது நடந்துவிட்டது. கோஹெய் இகராஷியின் முன்கையைப் பிடித்து, மேசை விளிம்பில் வைத்து, தன் முழு எடையோடு அதன்மேல் விழுந்தான். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இகராஷி கத்தவில்லை, காற்று போன மாதிரி ஒரு ஒலி மட்டும் வந்தது. மை பாட்டில்கள் உருண்டன. கோஹெய் அட்டையைக் கிளிப்போடு பிய்த்து இரண்டாகக் கிழித்து வாயில் திணித்தான்.

கான்ஸ்டபிள் அவன் முதுகில் பாய்ந்தார். மூன்று பேரும் நாற்காலியோடு தரையில் விழுந்தார்கள், மூன்றாவது ஆள் ஷிமொமுரா. ஏன் பாய்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இகராஷியின் கை தொங்கியதைப் பார்த்திருப்பார். “துப்பு! துப்புடா!” என்று வகுப்பில் பையனை அதட்டுகிற குரலில் கத்திக்கொண்டே அவன் வாய்க்குள் விரலை விட்டார். கோஹெய் கடித்தான். கிழவர் விரலை எடுக்கவில்லை. மறுகையால் அவன் கிழிந்த கன்னத்தை அழுத்தினார். கோஹெய் வாயைத் திறந்தான்.

கைவிலங்கு பூட்டுகிற சத்தம் கேட்டபிறகுதான் ஷிமொமுரா எழுந்தார். நடுவிரலில் நகத்துக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. பிடியில் எச்சிலும் ரத்தமுமாக ஒரு பாதி அட்டை. மறுபாதியை அவன் விழுங்கிவிட்டிருந்தான்.

“தேய்க்காதீங்க ஸார். ஒத்தி எடுங்க” என்றாள் மதோகா.

அவர் ஒற்றுத்தாளை வைத்து ஒத்தி எடுத்தார். ஜன்னலோரம் கொண்டு போய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“‘…இந்தக் கிழவியின் கையை உன் கண்ணெதிரே உடைப்பேன், மதோகா. மிச்ச விரல்கள்…’” அவர் நிறுத்தினார். மேசையில் சாய்ந்திருந்த இகராஷியின் கையைப் பார்த்தார். மதோகாவின் விரலைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை.

“அதை இவன்தான் எழுதினானா?” என்றார் கான்ஸ்டபிள், தரையில் அவன்மேல் முட்டி போட்டபடியே.

“நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தோம்” என்றாள் கயோ. “எழுதறதைப் பார்த்தோம், அழிக்கறதைப் பார்த்தோம். அழகா இருக்குன்னு வேற சொன்னோம்.”

“பதிவேட்டுல அவன் கையெழுத்து இருக்கு. பக்கத்துல வச்சுப் பாருங்க” என்றாள் மதோகா.

“இது அழிஞ்சுடாதே?”

“கடிச்சு மென்னும் அழியலையே!” என்றார் இகராஷி பல்லைக் கடித்துக்கொண்டு. கயோ இரண்டு அடிக்கோல்களை வைத்து அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். “நாலு மணிக்குச் சொல்லணும்னு ஒரு வாரமா ஒரு பேச்சு தயார் பண்ணி வச்சிருந்தேன். நாசமாப் போனவன். ஆ! மெதுவாடீ.”

கூடுதல் போலீஸார் வந்து கோஹெயைத் தூக்கி நிறுத்தினார்கள். கதவருகே ஒருமுறை நின்று, மதோகாவைப் பார்க்காமல், கயிற்றில் மிஞ்சித் தொங்கிய இரண்டு அட்டைகளைப் பார்த்தான். பொய்ப்பல்லை மற்றப் பற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவனின் பார்வை. பிறகு அவனைப் படியில் இறக்கினார்கள். காலடிகள் கலந்து கேட்டன. எது அவனுடையது என்று மதோகாவால் பிரிக்க முடியவில்லை.

ஷிமொமுரா அவள் முன்னால் வந்து நின்றார். கடிபட்ட விரலை மறுகைக்குள் மூடியிருந்தார். என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில், “நான்தானே அவங்களைக் கூப்பிட்டேன். உன்னைப் பிடிச்சுக்கிட்டுப் போக” என்றார்.

“கூப்பிட்டது நல்லதாப் போச்சு ஸார்.”

கான்ஸ்டபிள் நோட்டில் புதுப்பக்கம் புரட்டி மதோகாவின் எதிரே உட்கார்ந்தார். பந்துமுனைப் பேனா எழுத மறுத்தது. ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். “குத்தினதுக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்கணும்மா. அது தனி. அவன் நெருங்கக்கூடாதுங்கற உத்தரவுக்கு இது போதும், இன்னிக்கே மேலிடத்துக்குச் சொல்லிடறேன். பேர்?”

சொன்னாள்.

“விலாசம்?”

அவள் வாயைத் திறந்து மூடினாள். பதினாறு மாதமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. இகராஷிக்குக்கூடத் தெரியாது, கூலியைக் கையில்தான் வாங்கிக்கொள்வாள். டிராமில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தே வீடு போவாள். கான்ஸ்டபிள் காத்திருந்தார். “தாள்ல எழுதிக் காட்டறீங்களா?”

“வேண்டாம்” என்றாள். மாவட்டம், தெரு, கட்டட எண், மாடி, கதவு எண், எல்லாவற்றையும் அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“அட, என் வீட்டுக்குப் பின்தெரு!” என்றார் ஷிமொமுரா.